மெயின் சுவிட்சுக்குப் பின்னால் ஒரு நாடு

1

தாரணி, முகில், இதை உங்கள் இரண்டு பேருக்காக எழுதுகிறேன். தாரணி எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். முகிலுக்கு அம்மா வாசித்துக் காட்டட்டும். திருச்சியில் மாமாவுக்கும் அனுப்பப்போகிறேன். அவர் மன்னார்புரத்தில் தன் பெயிண்ட் கடைக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைப் படித்துக் காட்டுவார். அதனால் உங்களுக்குத் தெரிந்த சில விஷயங்களையும் அவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா பிளஸ் டூவுக்கு மேல் ஐ.டி.ஐ.யோடு நின்றவன். எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

தாரணி, நான் இதை எழுதும்போது நீ கடலில் இருக்கிறாய். ஸ்கூல் கேம்ப்புக்குப் போன் கொண்டுபோகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் பழ ஷெட்டில் இன்று மத்தியான ஷிப்ட்தான். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், முகில் பள்ளிக்கூடம் போய்விட்டான். காலையிலிருந்து ஜன்னல் பக்கம் போய் வானத்தைப் பார்ப்பதும் திரும்ப வந்து உட்காருவதுமாக இருக்கிறேன். ஹெலிகாப்டர் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று பார்க்கிறேன். நம் டௌரங்காவில் கோடைக்காலத்தில் கடற்கரைப் பக்கம் ஹெலிகாப்டர் போனால் யாரையோ அலை இழுத்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும்.

கேம்ப் இருக்கிறது என்று வந்து சொன்ன அன்றைக்கு நீ என்னைப் பார்த்துக் கேட்டாய்: "அப்பா, இந்த இயரும் எனக்கு ஃபீவர் வருமா?"

ஒவ்வொரு வருடமும் நீச்சல் வாரத்தில் உனக்குக் காய்ச்சல், காது வலி, சளி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி நிறுத்திவைத்தவன் நான். ஏன் என்று உனக்குத் தெரியும். உன் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று போட்டிருந்தது. ஆனால் இந்த வருடம் ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் என்ன நடந்தது என்பதில் பாதிதான் உனக்குத் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் நம் ஊர்க்காரர்களுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. எனக்கே தெரியாது. அம்மாவுக்கு நியூசிலாந்தில் நர்ஸ் வேலை என்றபோது, கிரிக்கெட்டில் வெள்ளைக்காரர்கள்தானே ஆடுகிறார்கள், இங்கிலாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்றுதான் நினைத்தேன். பார்த்துவிடலாம் என்று மாமா கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெயிண்ட் கம்பெனி கொடுத்த உலகப்படம் சுவரில் இருக்கும். நானும் மாமாவும் மேலிருந்து கீழே தேடினோம். இல்லை. கடைசியில் மாமாதான் கண்டுபிடித்தார்.

"மாப்ள, ஆஸ்திரேலியாவுக்கு இந்தாண்ட படம் முடியல. மெயின் சுவிட்ச் போர்டுக்கு அடியில போவுது. உங்க நாடு அதுக்குப் பின்னாடிதான் இருக்கணும்."

அன்றிலிருந்து கடையில் யார் கேட்டாலும் அவர் பதில் அதுதான். "தங்கச்சியா? மெயின் சுவிட்சுக்குப் பின்னாடி இருக்கு. நல்லா இருக்கு."

மாமாவுக்கு மட்டும் இல்லை. திருச்சியில் வெளிநாடு என்றால் சிங்கப்பூர், மலேசியா, துபாய். மற்றதெல்லாம் அந்த மூன்றின் அக்கம்பக்கம். நம் தெருவில் ஒருவர் என்னிடம் ஒரு பை முறுக்கைக் கொடுத்து, கோலாலம்பூரில் இருக்கும் தன் மகனிடம் சேர்த்துவிடச் சொன்னார். நான் அந்தப் பக்கமே போவதில்லை என்றேன். "அதனால என்னங்க, லீவு நாள்ல போயிட்டு வந்துருங்க" என்றார். நான் பழ ஷெட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், கிவிப் பழம் பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குப் போகிறது என்று சொன்னால், "டெங்கு வந்தா சாப்பிடுவாங்களே, அதுவா? அப்ப உங்க ஊர்ல கொசு ஜாஸ்தியா?" என்று கேட்பார்கள்.

இந்தோனேசியாவில் நிலம் ஆடினாலும் மாமா கூப்பிடுவார், ஜப்பானில் ஆடினாலும் கூப்பிடுவார். "மாப்ள, தண்ணி வந்துருச்சா? புள்ளைய மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க." நமக்கு மாடியே கிடையாது. ஆனால் அந்தப் போன் வந்த பிறகு நான் ரேடியோவைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்களைக் குளியலறையில்கூட அதிக நேரம் விடமாட்டேன். பூகோளம் தெரியாதவன் சொல்கிற பயமும் பயம்தானே. வந்து ஒட்டிக்கொள்கிறது.

3

இங்கே இருப்பவர்கள் மட்டும் என்ன. என்னோடு ஷெட்டில் வேலை செய்யும் டேவ் நல்ல மனுஷன். பம்பாயில் வெள்ளம் என்று டி.வி.யில் பார்த்தால் மறுநாள் என் தோளைத் தட்டி, உன் வீட்டுக்காரர்கள் மேட்டில் ஏறிவிட்டார்களா என்பான். நேபாளத்தில் ஏதாவது என்றாலும் அப்படித்தான். ஒருநாள், டெல்லியில் தன் மச்சினி ஒரு டாக்ஸி டிரைவரைச் சந்தித்தாளாம், ரொம்ப நல்லவராம், உனக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். கொஞ்சம் வருத்தப்பட்டான்.

தாரணியின் டீச்சர் கதைதான் பெரிய கதை. நீ நீச்சலுக்கு வராததற்கு அந்த அம்மா தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. இந்தியாவில் பாதி பாலைவனம், அங்கே தண்ணீரே கிடையாது, அதனால் அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் பழக்கமில்லை, யாரும் அவளைக் கிண்டல் பண்ணக்கூடாது என்று வகுப்பில் சொன்னதாம். உனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய ஆறு இருக்கிறது பாருங்கள் என்று காவிரியைப் படம் காட்டினாய். நாம் ஊருக்குப் போயிருந்தபோது பாலத்தில் நின்று நீயே எடுத்த படம். ஆனால் அது ஏப்ரல் மாதம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் மணல், நடுவில் இரண்டு மாடு. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு டீச்சருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

நீ வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் போய் டீச்சரிடம் இல்லை என்று சொல்லவில்லை. உப்பிலியபுரத்தில் முதுகில் காலி மண்ணெண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவன் நான். இருந்தாலும் பாலைவனத்துக்காரனாகவே இருந்துவிட்டேன். அவர்கள் அப்படி நினைத்தால் என் பிள்ளை கரையில் இருக்கும், அது போதும் என்று இருந்தது.

முகில், நீ மட்டும் எப்படி மீன் மாதிரி நீந்துகிறாய் என்று அக்கா பலமுறை கேட்டிருக்கிறாள். உன் ஜாதகத்தை எழுதப் போகவேண்டிய நேரத்தில் உலகமே மூடிக்கிடந்தது. அப்புறம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. உனக்கு ஜாதகமே இல்லை. எதற்குப் பயப்படவேண்டும் என்று தெரியாததால் உன்னைத் தண்ணீரில் விட்டுவிட்டோம்.

அம்மா நர்ஸ்தானே, அவளாவது சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவள் ஒருமுறை சொன்னாள்: "எனக்கு நம்பிக்கை இல்லைங்க. ஆனா அதைக் கிழிச்சுப் போடவும் கை வரல. தடுப்பூசி மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

4

இந்த ஜனவரியில், நீங்கள் இருவரும் அம்மாவோடு தெப்பக்குளம் கடைவீதிக்குத் துணி எடுக்கப் போன அன்று, நானும் மாமாவும் முகிலுக்கு ஜாதகம் எழுத ஸ்ரீரங்கம் போனோம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்து, உத்திர வீதியில் பந்தல் கட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உனக்கு ஜாதகம் எழுதிய அதே ஜோசியர்தான். நீ பிறந்த வாரத்திலேயே மாமா போய் எழுதி வாங்கிவந்தார். நான் அவரைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ, ஒக்காருங்கோ. கொழந்தை எங்கே பொறந்தான்?"

"டௌரங்காங்க. நியூசிலாந்து."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஊர் பேர்லயே ரங்கன் இருக்கானே! அவன் எங்கேதான் இல்லை, சொல்லுங்கோ." ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். "அந்த ஊர் வரலை. ஆக்லாந்துன்னு ஒண்ணு வர்றது. பக்கமோ?"

"பக்கந்தாங்க. கார்ல ரெண்டரை மணி நேரம்."

"அப்போ சரி. இப்போ இந்த தேசமெல்லாம் வந்துடுத்து. முன்னாடி வச்சிருந்த சாஃப்ட்வேர்ல நியூசிலாந்தே கிடையாது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏங்க, அப்ப என் பொண்ணுக்கு எழுதினப்ப என்ன ஊர் போட்டீங்க?"

ஜோசியர் மாமாவைப் பார்த்தார். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

"தேடிப் பார்த்தேன், கிடைக்கலை. இவர்தான் சிங்கப்பூர் தாண்டின்னு சொன்னார். சிங்கப்பூர்னே போட்டுட்டேன்."

"மச்சான்!"

"என்ன மச்சான்? நீங்க ஃபிளைட் ஏறுறது எங்க? திருச்சி. இறங்குறது? சிங்கப்பூர். அப்புறம் வேற ஃபிளைட் மாறிப் போறீங்க. உப்பிலியபுரம் போறவன் துறையூர்ல பஸ் மாறுற மாதிரிதானே மாப்ள? துறையூர்ல பொறந்தா என்ன, உப்பிலியபுரத்துல பொறந்தா என்ன, நட்சத்திரமா மாறிடப் போவுது?"

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வருவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது அங்கிருந்து நம் வீடு. எப்படிச் சொல்ல? சூரியனே நமக்குப் பல மணி நேரம் முன்னால் உதிக்கிறது. ஜோசியருக்கு அது புரிந்துவிட்டது. முகிலை அப்படியே விட்டுவிட்டு உன் விவரங்களைக் கேட்டு மறுபடி போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"ரோகிணி இல்லை. கார்த்திகை."

மாமா எழுந்தே விட்டார். "சாமி, என்ன சொல்றீங்க? மாசா மாசம் ரோகிணியன்னிக்கு மலைக்கோட்டை ஏறி அந்தப் புள்ளைக்கு அர்ச்சனை பண்றேன். இந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு! பதினாலு வருஷமா! அப்ப நான் யாருக்குங்க பண்ணினேன்?"

"அந்த நேரத்துல சிங்கப்பூர்ல ஒரு கொழந்தை பொறந்திருக்குமோல்லியோ, அதுக்குப் போயிருக்கும்" என்றார் ஜோசியர். கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று யோசித்துச் சொன்னார்.

"தண்ணில கண்டம்னு போட்டிருந்ததே, அதுங்க?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "இதுல தெரியலை."

"இல்லீங்களா?"

"தெரியலைன்னு சொல்றேன். ஓய், உம்மகிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. பூமத்திய ரேகைக்கு அந்தண்டை எங்க அப்பாவும் கணிச்சதில்லை, நானும் கணிச்சதில்லை. மெஷின் என்ன சொல்றதோ அதைச் சொல்றேன். பெருமாள் பார்த்துப்பார்."

முகிலுக்கு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஏனென்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் மாமா ஸ்கூட்டரை நிறுத்தினார். நல்லவேளையாக ஆற்றில் தண்ணீர் இருந்தது. மாமாவுக்கு மனசு கேட்கவில்லை.

"தப்பு எம்மேலதான் மாப்ள. ஆனா ஒண்ணு. இப்பக் கண்டம் இல்லைன்னு ஆயிருச்சுல்ல? சந்தோசமா இருக்க வேண்டியதுதானே. ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"இவ்வளவு நாளா தண்ணியை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தேன் மச்சான். இப்ப எதைப் பார்க்கறது?"

அவர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். பிறகு, "எனக்குத் தெரிஞ்சு நீச்சல் தெரியாத புள்ளைக்கு எந்த ஊர்ல பொறந்தாலும் தண்ணில கண்டந்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

5

ஊரிலிருந்து வந்து உங்கள் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நீ மறுநாளே கடலுக்குப் போகிறேன் என்பாய் என்று பயந்தேன். கேம்ப் என்று வந்து நின்று, இந்த வருடமும் காய்ச்சலா என்று நீ கேட்டபோது, மாமா பாலத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. சனிக்கிழமை உன்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனேன். நீ என்னை நம்பவே இல்லை. காரில், "அப்பா, ட்ரிக் பண்றீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாய்.

ஆரம்ப வகுப்பு என்பதால் உன்னைச் சுற்றி ஆறு வயசு, ஏழு வயசு வாண்டுகள். முகில் பக்கத்துக் குளத்திலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, பபிள்ஸ் விடு! பேபி மாதிரி விடு!" என்று மானத்தை வாங்கினான். நீ அவனைத் திட்டிக்கொண்டே படியில் இறங்கினாய். முழங்கால் வரை தண்ணீர். அங்கேயே நின்றுவிட்டாய். சொல்லிக்கொடுக்கும் பெண் கையை நீட்டினாள். நீ நகரவில்லை. என் பக்கம் திரும்பினாய்.

"அப்பா, கால் போக மாட்டேங்குது."

நான் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி வந்தேன். நீ படியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். "எனக்குத் தண்ணில கண்டம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாய். கேம்ப்புக்குத் துடித்ததெல்லாம் வாயில்தான். காலுக்குள் என் பயம் இருந்தது.

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஈரப் படியில் உட்கார்ந்து மாமா கதையை அங்கேயே சொன்னேன். மெயின் சுவிட்ச் உனக்கு முன்பே தெரியும். துறையூரில் பஸ் மாறுவதைச் சொன்னேன். மாமா மின்விசிறியைப் பார்த்ததைச் சொன்னேன். மலைக்கோட்டை ஏறியதைச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் அந்த வாண்டுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன.

"ஸோ அந்தக் கண்டம் என்னோடது இல்ல?"

"இல்ல. அது சிங்கப்பூர்ல பொறந்த புள்ளையோடது."

நீ கொஞ்சம் யோசித்தாய். "அப்போ அவளை யாரு பாத்துக்கறா?"

"எவளை?"

"அந்த சிங்கப்பூர் கேர்ளை. அவ அப்பாவுக்குத் தெரியாதுல்ல? அவளுக்குத் தண்ணில கண்டம்னு யாரும் சொல்லலைல்ல?"

நீ அதையே பேசிக்கொண்டு, அவளுக்கும் பதினாலு வயசுதானே, அவளும் நீச்சலுக்குப் போவாளா என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கி இடுப்புத் தண்ணீரில் நின்றாய். நீயே கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனோம். இப்போது நீ மிதக்கிறாய். குளத்தின் அகலத்தை நிற்காமல் கடக்கிறாய். கடல் குளம் இல்லை என்று எனக்குத் தெரியும். டீச்சரிடம் போய்க் கேட்டேன். எல்லாருக்கும் மிதவைச் சட்டை உண்டு, காவலர்கள் உண்டு, அவர்கள் நட்டிருக்கும் இரண்டு கொடிக்கு நடுவில்தான் பிள்ளைகள் இறங்குவார்கள் என்று பொறுமையாகச் சொன்னது. பிறகு, உங்கள் ஊரில் தண்ணீர் இல்லாததால் உங்களுக்குப் பயமாக இருக்கும், புரிகிறது என்றது. இந்தத் தடவை நான் விடவில்லை. அப்படி இல்லை, எங்கள் ஊரில் ஸ்ரீரங்கம் என்று ஒரு தீவே இருக்கிறது, இரண்டு பக்கமும் ஆறு என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். டீச்சர் கண்ணை அகல விரித்தது.

"ஓ, தீவா! அப்படியென்றால் ஃபிஜி பக்கமா?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் என் இங்கிலீஷ் போகவில்லை.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். அவரும் ஒரு காரியம் செய்திருக்கிறார். கடையில் அந்த உலகப்படத்தைப் பிடுங்கி ஒரு சாண் இடதுபக்கம் தள்ளி ஆணி அடித்திருக்கிறாராம். இப்போது நாம் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டோமாம். "அமெரிக்காதான் கதவுக்குப் பின்னாடி போயிருச்சு. பரவாயில்ல, அங்க நமக்கு யாரு இருக்கா?" என்றார்.

6

இன்று காலை உன்னை ஸ்கூல் வாசலில் பஸ் ஏற்றிவிட்டேன். தோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்ததும் நீ என் பக்கம் திரும்பவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும். முகிலையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். காற்று அடிக்கிறதா என்று பின்பக்கத்து எலுமிச்சைச் செடியைப் பார்த்தேன். லேசாக ஆடியது. உள்ளே வந்து உட்கார்ந்தேன், எழுந்தேன்.

பிறகு சமையலறை அலமாரியில் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். சூடம் ஏற்றினால் ஸ்மோக் அலாரம் கத்தும் என்று முதலில் ஜன்னலைத் திறந்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன், கத்தினால் விசிறுவதற்கு. ஒரு சின்னத் துண்டு சூடம்தான் ஏற்றினேன்.

"கார்த்திகை நட்சத்திரம், தாரணி" என்றேன். நாக்குக்கு இன்னும் பழகவில்லை. ரோகிணி என்றுதான் முதலில் வந்தது, திருத்திக்கொண்டேன்.

உனக்காக வேண்டி முடித்தாயிற்று. சூடம் அணைகிற மாதிரி இருந்தது. ஆனால் நகர முடியவில்லை. இத்தனை வருடம் மாமா மூச்சு வாங்க மலை ஏறி ஒரு பிள்ளைக்கு வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார். நம் பிள்ளை இல்லை என்று தெரிந்த மாதத்தோடு அதை நிறுத்திவிட்டார். அவள் இன்றைக்கு எந்தத் தண்ணீரில் இறங்குகிறாளோ.

இன்னொரு துண்டு சூடத்தை வைத்தேன். ரோகிணி நட்சத்திரம் என்று சொன்னேன். பெயர் தெரியாததால் சிங்கப்பூர் என்றேன்.